எங்கள் பசு பத்தியம் இருந்த ஐப்பசி

நாம் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் சர்க்கரையில்தான் வந்து நிற்கிறது. போன மாதம் நம் வகுப்புக்காரி ஒருத்தியின் பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பாயச வாளியோடு வந்தவர் நம் நரைத்த தலைகளைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தாண்டிப் போனார். நம்மில் ஒருத்தி இலையில் சோறு விழுவதற்கு முன்பே விரலில் ஊசி குத்தி, கருவியில் சொட்டு ரத்தம் வைத்துப் பார்த்தாள். மற்றவர்கள் நீங்கள் எட்டிப் பார்த்து, பரீட்சை மார்க்கைப் போல அந்த எண்ணைச் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கு அந்த நேரத்தில், சர்க்கரை குறைந்து சாகக் கிடந்த எங்கள் பசுவின் ஞாபகம் வந்தது. சாப்பிடுகிற இடத்தில் மாட்டைப் பற்றிப் பேச வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

நாம் நாலாம் வகுப்பு படித்த வருஷம் அது. எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். கட்டுமாவடி போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கண்மாய்க் கரையோடு ஒரு மைல் நடக்க வேண்டும். வீட்டில் அப்பா, அம்மா, நான். அடுத்த வீட்டில் அப்பாவுடைய அக்கா, என் அத்தை. புருஷன் இல்லாதவர், பிள்ளைகள் இல்லாதவர். அவர் வீட்டு அடுப்பு எரிந்ததைவிட எங்கள் வீட்டில் அவர் குரல் கேட்டதுதான் அதிகம். அந்த ஐப்பசியில் என் அக்காவும் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அக்காவுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். மச்சான் சவூதியில் இருந்தார்.

அந்த வருஷம்தான் எங்கள் ஊருக்குப் பால் சொசைட்டி வந்தது. அதோடு சீமை மாடும் வந்தது. அம்மா பிடிவாதம் பிடித்து ஒரு ஜெர்சிக் கலப்புப் பசுவை வாங்க வைத்தாள். செவலை நிறம், பெரிய கண், கையளவுக் கொம்பு. செவலை என்றே பெயரும் ஆயிற்று. வந்தபோது நாலு மாதச் சினை. அம்மாவுக்கு அதன் மேல் இருந்த பிரியத்தை எப்படிச் சொல்ல? கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து, பருத்திக்கொட்டை ஆட்டி, வடிகஞ்சியில் தவிடு கலந்து, வேளை தவறாமல் வைத்தாள். சினை முற்ற முற்ற அதன் முதுகு பெஞ்சுப் பலகை மாதிரி தட்டையாகிவிட்டது. நான் ஒருநாள் தண்ணீர் டம்ளரை அதன் முதுகில் வைத்துப் பார்த்தேன். சாயவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்.

முதலில் அக்காவுக்குப் பிரசவம். ஆண் குழந்தை. எட்டு நாள் கழித்து, மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானத்தில், செவலை கிடாரிக் கன்று போட்டது. ஒரு வீட்டில் இரண்டு பிரசவம். சீம்பால் காய்ச்சியதை ஊரெல்லாம் சாப்பிட்டது. காலையில் ஆறு லிட்டர், சாயங்காலம் நாலு லிட்டர் என்று செவலை கறந்தபோது அப்பா பால் வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தார். ஒரு வேளைக்கு ஒரு செம்பு கறக்கிற நாட்டு மாடுகளைத்தான் அதுவரை நாங்கள் பார்த்திருந்தோம்.

இரண்டு பிரசவத்துக்கும் பொறுப்பு அத்தைதான். அக்காவை உள்ளறையில் வைத்தார். கைப்பிடிச் சோறு, மிளகும் பூண்டும் அரைத்த குழம்பு, எப்போதாவது சுட்ட கருவாட்டுத் துண்டு. வேளைக்கு அரை டம்ளர் வெந்நீர், அவ்வளவுதான். காய் கிடையாது, பழம் கிடையாது, பருப்பு கிடையாது. "பெத்த வயிறு பச்சப் புண்ணு. அதுல போயி எல்லாத்தையும் கொட்டலாமா" என்பார்.

கன்று போட்ட மறுநாள் அம்மா புண்ணாக்குச் சட்டியோடு கொட்டகைக்குப் போனபோது அத்தை வழிமறித்தார்.

"இத எங்கிட்டு எடுத்துக்கிட்டுப் போற?"

"செவலைக்கு, மதினி. பத்து லிட்டரு கறக்குதுல்ல."

"மனுசிக்கு ஒரு நாயம், மாட்டுக்கு ஒரு நாயமா? அதும் பெத்த ஒடம்புதான். நாப்பது நாளைக்கு வக்கலு, வெந்தண்ணி, ஒரு கை தவிடு. போதும். ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அம்மா சட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். இன்று அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு செம்பு கறக்கிற நாட்டுப் பசுக்களை அவர் அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறார். அவற்றுக்கு அது தாங்கியது.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். மச்சான் சவூதியிலிருந்து அனுப்பிய பெட்டியில் அக்காவுக்கென்று ஒரு நகப்பாலிஷ் பாட்டில் இருந்தது. விரல் நீளம், கறுப்பு மூடி, உள்ளே நாவற்பழத்தை நசுக்கியதுபோல ஒரு சிவப்பு. மூடியைத் திருகினால் மூக்கின் உச்சி வரை ஏறுகிற ஒரு வாசனை. இனிப்பும் காட்டமும் சேர்ந்த அது மாதிரி வாசனை எங்கள் ஊரில் எந்தப் பூவிலும் பழத்திலும் கிடையாது. அக்கா அதை இரும்புப் பெட்டியில், சேலை மடிப்புக்குள் வைத்திருந்தாள். யாரும் பார்க்காதபோது எடுத்து மோந்துவிட்டு வைத்துவிடுவேன்.

கன்று போட்ட நாலாம் நாள் அம்மா குளத்துக்குப் போயிருந்தாள். செவலைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. பொங்கலுக்கு மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம் பூசுவார்களே, அதை இப்போதே செய்தால் என்ன? பாட்டிலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். செவலை தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு கொம்பின் நுனியில் இரண்டு இழுப்பு இழுத்தேன். ஈ கடித்ததோ என்னவோ, தலையை ஒரு சிலுப்பு சிலுப்பியது. பாட்டில் கைநழுவித் தொட்டியில் விழுந்தது. கை விட்டுத் துழாவி எடுத்தபோது பாதிக்குமேல் காலி. தண்ணீரின் மேல் சிவப்பாக ஒரு ஆடை மிதந்தது. செவலை அதைப் பொருட்படுத்தாமல் குனிந்து மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தது.

பாட்டிலைக் கொண்டுபோய் வேலியோரம் கற்றாழைத் தூரில் புதைத்தேன். கொம்பில் என்ன சிவப்பு என்று அம்மா கேட்டபோது குங்குமம் வைத்தேன் என்றேன். அம்மா என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். அடி விழுந்திருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது.

ஐந்தாறு நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு செவலை மெலிய ஆரம்பித்தது. பெஞ்சு மாதிரி இருந்த முதுகில் எலும்பு எழுந்தது. வைக்கோலை மட்டும் ஏதோ மென்றது. ஒரு கை தவிடு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பால் பத்து லிட்டரிலிருந்து ஏழானது, ஐந்தானது. சாணி காய்ந்து உருண்டை உருண்டையாக விழுந்தது. அதைவிட எங்களைப் பயமுறுத்தியது அதன் நடத்தைதான். கொட்டகைச் சுவரை மணிக்கணக்கில் நக்கியது. கட்டியிருந்த கயிற்றை மென்றது. கொடியில் காய்ந்த என் பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையை இழுத்துச் சவைத்துச் சக்கையாக்கியது. நின்ற இடத்திலேயே தள்ளாடியது.

"கண்ணு பட்டுருச்சு" என்றார்கள் சிலர். "சீமை மாடு நம்ம ஊரு தண்ணிக்கு ஒத்து வராது" என்றார்கள் சிலர். அத்தை வேப்பெண்ணெய் கொடுத்தார், மந்திரித்த கயிறு கட்டினார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் மொபெட்டில் ஒருமுறை வந்து பார்த்தார். வெளியூர்க்காரர், ஒல்லியான மனிதர், சோடாப்புட்டிக் கண்ணாடி. காய்ச்சல் பார்த்தார், வயிற்றில் காது வைத்துக் கேட்டார், செரிமானத்துக்கு ஒரு ஊசி போட்டு, பொடி கொடுத்துவிட்டுப் போனார். குணம் தெரியவில்லை.

நான் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு சாயங்காலம் அது பெருமூச்சு விட்டது. அந்த மூச்சு என் முகத்தில் அடித்தது. அதே வாசனை. கறுப்பு மூடியைத் திருகினால் வருகிற அதே வாசனை.

நான் கொட்டியது அதன் வயிற்றுக்குள் இத்தனை நாளாக இருந்து கொல்கிறது என்று நினைத்தேன். பிறகு தினமும் மோந்து பார்த்தேன். தினமும் இருந்தது. யாருக்கும் அது தெரியவில்லை என்பது இன்னொரு பயம். அத்தைக்குப் புகையிலையில் மூக்கு செத்திருந்தது. அம்மா ஒருமுறை, "வாயி ஏதோ புளிச்ச வாடை அடிக்குது" என்றதோடு சரி. நான் சோறு சாப்பிடவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவளுக்கும் என்னமோ செய்யிது" என்றாள்.

உள்ளறையிலும் நிலைமை நன்றாக இல்லை. அக்கா எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றாள். குழந்தை வீல் வீலென்று அழுதது. அக்காவுக்குப் பால் போதவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, "ஒரு சொம்பு தண்ணி கொண்டாடி, அத்தைக்குத் தெரியாம" என்பாள். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பித் தருவாள். அந்த வீட்டில் எனக்கென்று இரண்டு ரகசியம் இருந்தன. ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்று மட்டும் தெரியும்.

ஒரு புதன்கிழமை மத்தியானம். செவலை படுத்துவிட்டது. அப்பா தரகரிடம் பேசிவிட்டார். மறுநாள் காலையில் வண்டி வரும், கறிக்குத்தான் போகும். அம்மா யாரையும் கேட்காமல் மழையில் நனைந்துகொண்டே நடந்துபோய், மாட்டு டாக்டரை இரண்டாம் முறையாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகவும் பாவாடை இல்லை, மனசும் இல்லை. கொட்டகையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் செவலையைச் சுற்றி வந்தார். காதைத் தொட்டார், கண் இமையைத் தூக்கினார், ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருந்தார். அவருக்கும் பிடிபடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் பக்கத்தில் போனேன்.

"சார், செத்துப் போயிருமா?"

"தெரியலம்மா. பாக்குறேன்."

"அது வாயில நகப்பாலிசு வாசனை வருது சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன வாசனைன்னு சொன்ன?"

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "நகப்பாலிசு சார். நாந்தான் கொட்டிட்டேன். கொம்புல பூசுறப்ப தொட்டியில விழுந்துருச்சு. அதக் குடிச்சுத்தான் சார் இப்புடி ஆயிருச்சு. நாந்தான் கொன்னுட்டேன்."

அத்தை கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "அடி பாவி மகளே, வாயில்லாச் சீவனுக்கு வெசத்த வச்சுட்டா இம்புட்டு நாளு கம்முன்னு இருந்த?"

அப்போது உள்ளறை ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. குரலில் தெம்பே இல்லை. "அவள அடிக்காதீங்க அத்தே. அந்தப் பாட்டில நாந்தான் குடுத்தேன். நாந்தான் பூசிவிடச் சொன்னேன்."

அக்கா கொடுக்கவில்லை. அந்தப் பாட்டில் காணாமல் போனதே அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரியும்.

டாக்டர் அத்தையைக் கையமர்த்தினார். என்னை மட்டும் பார்த்துக் கேட்டார். "எப்பம்மா கொட்டுச்சு?"

"கன்னு போட்ட நாலாம் நாளு."

"இப்ப மூணு வாரம் ஆச்சு. அது அன்னைக்கே ஆவியாப் போயிருக்கும். உனக்கு இன்னைக்கும் வாசனை வருதா?"

"வருது சார்."

"இன்னொரு தடவ மோந்து பாத்துச் சொல்லு. பயப்படாத."

செவலையின் மூக்கருகே முகத்தை வைத்தேன். "வருது சார். முன்ன விட அதிகமா வருது."

அவர் சிரித்தார். அந்த இடத்தில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் திகைப்பு. "அம்மா, ஒரு கிண்ணத்துல இதோட மூத்திரம் கொஞ்சம் புடிச்சுத் தாங்க" என்றார் அம்மாவிடம். தன் தோல்பையின் அடியில் தேடி, மெழுகு வைத்து மூடிய ஒரு குட்டிச் சீசாவை எடுத்தார். வெள்ளைப் பொடி. அதில் சிட்டிகையளவைப் பீங்கான் தட்டில் கொட்டி, மூத்திரத்தில் இரண்டு சொட்டு விட்டார். நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே வெள்ளைப் பொடி கத்தரிப்பூ நிறமாகி, கறுக்கத் தொடங்கியது.

"இந்தப் புள்ள ஒண்ணும் செய்யல" என்றார் அத்தையைப் பார்த்து. "நகப்பாலிசுல ஊத்துற சரக்கு ஒண்ணு இருக்கு. அதே சரக்க இந்த மாட்டு ஒடம்பே உள்ளுக்குள்ள காய்ச்சிக்கிட்டிருக்கு. நான் போன வாரமே கண்டுபுடிச்சிருக்கணும். எனக்கு இந்த வாசனை மட்டும் தெரியாது. படிக்கிறப்ப என் கூட்டாளிங்கல்லாம் மோந்து பாத்துச் சொல்லுவாங்க, நான் முழிச்சுக்கிட்டு நிப்பேன். சில பேரு மூக்குக்கு அது எட்டாது."

அப்போது அவர் சொன்னது பாதிதான் எனக்குப் புரிந்தது. மீதியை வளர்ந்தபிறகு புரிந்துகொண்டேன். சினையாக இருந்த காலத்தில் செவலையை அளவுக்கு மேல் கொழுக்க வைத்துவிட்டோம். கன்று போட்டதும் பட்டினி போட்டுவிட்டோம். பத்து லிட்டர் பாலுக்கு வேண்டிய சர்க்கரை ரத்தத்தில் இல்லை. மாடு பாலை நிறுத்துமா? தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தது. அத்தனை கொழுப்பு ஒரேயடியாகக் கரையும்போது அரைகுறையாக எரிந்து, மூச்சில் அந்த வாசனையாக வருகிறது. சுவரை நக்கியதை நாங்கள் பைத்தியம் என்று நினைத்தோம். அது பசி.

டாக்டர் செவலையின் கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றி, குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டுத்தறிக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிட்டார். பாட்டில் பாதி இறங்குவதற்குள் செவலை காதை அசைத்தது. முடிந்த கொஞ்ச நேரத்தில் முன்னங்காலை ஊன்றி, ஒரு தடவை சறுக்கி, எழுந்து நின்றது. அம்மா அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

"இது ஒரு நாளைக்குத்தான் தாங்கும்" என்றார் டாக்டர். காலையும் மாலையும் தண்ணீரில் கலந்து மூங்கில் குழாயில் புகட்டுவதற்குக் கிளிசரின் எழுதிக் கொடுத்தார். பொட்டலமாகத் தாது உப்பு கொடுத்தார், தீவனத்தில் தினம் ஒரு கரண்டி. சோளத்தை அரைத்து வேகவைத்து முதலில் ஒரு கைப்பிடி, மறுநாள் இரண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புண்ணாக்கு. பச்சைப்புல் எவ்வளவு தின்னுமோ அவ்வளவு. தண்ணீர் எப்போதும் தொட்டி நிறைய.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "பெத்து மூணு வாரந்தான் ஆவுது. பத்தியத்த முறிக்கச் சொல்றீங்களே."

"நாட்டு மாடா இருந்தா நீங்க சொல்றது சரிங்க. அது கறக்குறது அதோட கன்னுக்கு மட்டுந்தான். இது பத்து லிட்டரு கறக்குதே, எங்கேருந்துங்க வரும்? நீங்க போடுறதுலேருந்து வரணும், இல்ல அது ஒடம்புலேருந்து வரணும்."

அவர் மூடிவைத்த தோல்பையின் மேல் அம்மா கையை வைத்தாள். போகவிடாமல் பிடித்துக்கொள்வதுபோல இருந்தது.

"டாக்டரய்யா, மனுசிக்கும் அப்படித்தானா?"

அவர் புரியாமல் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, எங்கள் யாருக்கும் கேட்கக்கூடாது என்று நினைத்தவள்போல மெதுவாகச் சொன்னாள். "மூத்தவளுக்கும் இவளுக்கும் நடுவுல ரெண்டு புள்ளைங்க எனக்கு. ரெண்டுக்கும் பால் வத்திப் போச்சு, ரெண்டும் தங்கல. தோசம்னு சொன்னாங்க. நானும் அப்புடித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

எனக்கு முன்னால் இரண்டு பேர் பிறந்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அத்தை தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் மாட்டு டாக்டருங்க" என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. "அந்தப் புள்ளைங்களுக்கு என்ன ஆச்சுன்னு நான் சொன்னா அது தப்பு. ஆனா பால் குடுக்குற ஒடம்புக்குச் சோறும் தண்ணியும் வேணும். அதுல மனுசி, மாடுன்னு வித்தியாசம் இல்ல. ஒங்க மகளுக்குத் தலை சுத்துதுன்னா நாளைக்கே நர்சம்மாவக் கூட்டியாந்து காட்டுங்க."

மறுநாள் காலையில் தரகர் வண்டியோடு வந்தார். அப்பா வாசலிலேயே நிறுத்தி, "மாடு எந்திரிச்சிருச்சுங்க. மன்னிச்சுக்கங்க" என்று அனுப்பிவிட்டார். அந்தச் சொல்லை அப்பா அத்தனை சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நர்சம்மாவும் அன்றே வந்தார். அக்காவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தமே இல்லை என்று சத்தம் போட்டார். சத்து மாத்திரை கொடுத்தார்.

அன்று மத்தியானம் கோட்டைப்பட்டினத்து மீன்கார பாய் சைக்கிளில் வந்தபோது அம்மா பால்சுறா இருக்கிறதா என்று கேட்டாள். அவர் கூடையைக் கிளறிக்கொண்டே, "பெத்தவங்களுக்கா? எங்க வீட்ல மூணாம் நாளே குடுத்துருவமே. இன்னுமா குடுக்காம இருந்தீங்க?" என்றார். அம்மா காசைக் கொடுத்து வாங்கினாள். மீனை அவித்து உதிர்த்து, பூண்டைத் தட்டிப் போட்டுப் புட்டாகக் கிளறினாள். அக்காவின் தட்டில் சோற்றைக் குவித்து, அதன்மேல் புட்டை வைத்தாள். அக்கா தலை நிமிராமல் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு தட்டை மட்டும் லேசாக முன்னால் நகர்த்தினாள். அம்மா போட்டாள்.

அத்தை அன்று எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, செவலையின் தொட்டியை எட்டிப் பார்த்தார். தண்ணீர் குறைந்திருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார்.

பத்து நாளில் செவலை தேறியது. பால் ஒரேயடியாக ஏறவில்லை, ஆனால் ஏறியது. டாக்டர் பார்க்க வந்தபோது அம்மாவிடம், "ஒங்க மகள ஒரு மணி நேரம் கூட்டிக்கிட்டுப் போகலாமா? ஊருல கன்னு போட்ட சீமை மாடு இன்னும் மூணு இருக்கு" என்று கேட்டார். அப்பாவும் கூட வந்தார். ஒவ்வொரு வீட்டிலும் டாக்டர் மாட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். பெரியவர்கள் சுற்றி நின்று என் முகத்தையே பார்த்தார்கள். முதல் இரண்டு மாட்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் லேசாக வந்தது. "இருக்கு சார், கொஞ்சமா" என்றேன். சீசாப் பொடியும் இருக்கிறது என்றது, கத்தரிப்பூ நிறத்தில். அந்த மாடு படுப்பதற்கு முன்பே மருந்து கிடைத்துப் பிழைத்துக்கொண்டது. கொலைகாரி என்று நாள்கணக்கில் என்னையே நினைத்திருந்த நான், அன்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்த நடையை என்னவென்று சொல்வது?

அடுத்த வருஷமே டாக்டருக்கு மாற்றலாகிவிட்டது. எந்த ஊருக்கு என்று தெரியவில்லை. அழுதுகொண்டு வந்த ஒரு ஒன்பது வயதுப் பெண் சொன்னதை, தன் படிப்புக்குக் குறைவு என்று நினைக்காமல் கேட்டுக்கொண்ட மனிதர். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர். அவரை நினைத்துக் கும்பிடாமல் நான் எந்த மாட்டையும் கடந்து போனதில்லை. அக்கா மகன் இப்போது திருச்சியில் பேரன் எடுத்துவிட்டான். செவலை எங்கள் வீட்டில் இன்னும் ஐந்து ஈற்று ஈன்றது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தத் தை மாதம் மேலத்தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. அம்மாவும் அத்தையும் பிள்ளை பார்க்கப் போனார்கள். நானும் போனேன். உள்ளறையில் அந்தப் பெண் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். தலைமாட்டில் ஒரு தட்டில் கைப்பிடிச் சோறு. அத்தை தட்டை எடுத்துப் பார்த்தார்.

"என்னடி இது, கோழிக்கு வச்ச மாதிரி? இதத் தின்னுட்டு இவ என்னத்தப் பால் குடுப்பா? சோத்தப் போடுங்கடி. பால்சுறா வாங்கி ஆக்கிப் போடுங்க. ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து வையிங்க."

அந்த வீட்டுக்காரம்மா வாயைப் பிளந்தார். ஊரில் பத்தியத்துக்கு யோசனை கேட்க எல்லோரும் வருவதே அத்தையிடம்தான். "என்னக்கா, நீங்களா இதச் சொல்றீங்க? யாரு சொல்லிக் குடுத்தா ஒங்களுக்கு?"

"யாரு சொல்லணும்?" என்றார் அத்தை. "எங்க வீட்டுல இதுதான் வழக்கம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பச்சைப் பிள்ளையை மடியில் வாங்கி, அதன் தலையை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள். அத்தையைப் பார்க்கவில்லை. ஆனால் உடனே சொன்னாள்.

"ஆமாக்கா. மதினி சொல்றது சரிதான். எங்க வீட்டுல எப்பவும் இதுதான் வழக்கம்."